2 மீட்டர் குழாய்க்கு நுழைவு நீளம் 34 மீட்டர் வருது, உதவுங்க!

லேப்_பையன்: நாளைக்கு ரெக்கார்டு வைக்கணும். குழாய் உராய்வுப் பரிசோதனை. நுழைவு நீளம் (குழாய் வாயிலிருந்து ஓட்டம் நிலைபெறும் வரை உள்ள தூரம்) 34 மீட்டர் வருகிறது. லேபில் இருக்கும் குழாயே 2 மீட்டர்தான். எங்கே தப்பு? சீக்கிரம் சொல்லுங்க.

பம்ப்செட்: விட்டம்? ஓட்டம்? என்ன திரவம்? எந்தச் சூத்திரம்? எதுவுமே சொல்லாமல் ஜோசியமா பார்ப்பது?

வெயில்காலம்: தண்ணீர் என்றால் வெப்பநிலைதான் காரணம். புத்தகத்தில் 20 டிகிரிக்கு விஸ்காசிட்டி (திரவத்தின் பிசுப்பு) போட்டிருக்கும். சென்னையில் மே மாதம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியுமா?

லேப்_பையன்: தண்ணீர்தான். உள்விட்டம் 25 மி.மீ., நிமிடத்துக்கு 27 லிட்டர். புத்தக விஸ்காசிட்டிதான் போட்டேன்.

மூத்த_மெக்: ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைப் பார்த்தாயா தம்பி? கண்ணில் பட்ட சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்குப் பெயர் இன்ஜினியரிங் ஆகிவிட்டது.

கால்குலேட்டர்: வேகம் 0.92 மீ/வி, ரெனால்ட்ஸ் எண் சுமார் 22,900. லேமினார் (சீரான ஓட்டம்) எல்லையான 2,300-ஐ எப்போதோ தாண்டியாச்சு; இது டர்புலன்ட் (கொந்தளிப்பான ஓட்டம்). நீங்கள் 0.06-ஐ ரெனால்ட்ஸ் எண்ணாலும் விட்டத்தாலும் பெருக்கியிருக்கிறீர்கள்; அது லேமினாருக்கு மட்டும். டர்புலன்ட்டில் சுழல்கள் குறுக்கே கலப்பதால் சுவரோர எல்லைப் படலம் (சுவர் உராய்வால் வேகம் குறைந்த பகுதி) சீக்கிரமே நடுவில் சேர்ந்துவிடும். ரெனால்ட்ஸ் எண்ணின் ஆறாம் மூலத்தை 4.4-ஆல் பெருக்குங்கள்: 23 விட்டத்துக்குக் கொஞ்சம் மேல், 59 செ.மீ. 30 டிகிரி தண்ணீர் என்றாலும் 61தான். வெயில்காலம் அண்ணா, 2 செ.மீ.க்கா இவ்வளவு?

பம்ப்செட்: நான்காம் மூலத்தை 1.359-ஆல் பெருக்குவதும் உண்டு. அதில் 42 செ.மீ. நடைமுறையில் 10 விட்டம் தாண்டினாலே போதும்.

மூத்த_மெக்: பம்ப் மாட்டுகிறவருக்குப் போதும். உராய்வுக் குணகம் அளக்கிறவனுக்குப் போதாது.

பம்ப்செட்: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நாள் வந்து நில்லுங்க சார், அப்புறம் பேசலாம்.

உப்புத்தண்ணி: உள்விட்டம் 25தான் என்று யார் பார்த்தது? போர் தண்ணீர் ஓடிய ஜி.ஐ. குழாயா? வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் குழாயை அறுத்தபோது உள்ளே சுண்டுவிரல் நுழையவில்லை, அவ்வளவு சுண்ணாம்பு.

வெயில்காலம்: மெட்ரோ தண்ணீர் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

உப்புத்தண்ணி: எந்தத் தெருவில் ஒழுங்காக வருகிறது, சொல்லுங்கள், குடி வந்துவிடுகிறேன்.

கால்குலேட்டர்: தம்பி, முதல் பிரஷர் டேப் (அழுத்தம் அளக்கும் துளை) குழாய் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதற்கு முன்னால் எல்போவோ பாதி திறந்த கேட் வால்வோ உண்டா? தண்ணீர் வாயில் ஒரே வேகத்தில் சீராக நுழைகிறது என்று வைத்துத்தான் இந்தச் சூத்திரங்கள். வால்வு கிட்டே இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

லேப்_பையன்: முதல் டேப் 50 செ.மீ., அடுத்தது 1 மீட்டர். 59-ஐயே எழுதிட்டு, ரெண்டாவது டேப்பிலிருந்து உள்ள ரீடிங்கை எடுத்துக்கிறேன். நன்றிண்ணா.

பம்ப்செட்: 42 என்று எழுதினால் முதல் டேப்பும் செல்லுமே!

கால்குலேட்டர்: சரி, வால்வு இருக்கா இல்லையா?