1921 தைப்பிங் கடிதத்தில் "வங்காளி ஜாகா" (காவல்காரர்): யார் இவர்?

பாரூரான் (கிருஷ்ணகிரி):
காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து மலேயா போனவர்களின் கடிதங்களைத் தொகுத்துச் சிறு மலர் போடுகிறோம். தைப்பிங்கிலிருந்து 1921இல் வந்த ஒன்றில், "கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கும் வங்காளி ஜாகா முன்னே பட்டாளத்தில் இருந்தவன், அவனிடம் பத்து வெள்ளி (டாலர்) வட்டிக்கு வாங்கினேன்" என்று இருக்கிறது. வங்காளிக்குத் தைப்பிங்கில் என்ன பட்டாளம்?

தகடூர் வாசகர்:
சார், அவர் பெரும்பாலும் சீக்கியர். பஞ்சாபிலிருந்து கல்கத்தா வந்து கப்பலேறியதால் மலேயாவில் "வங்காளி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அச்சில் "வங்காளத்தவர்" என்று திருத்திவிடாதீர்கள்.

தைப்பிங் இருக்கும் லாருட் பகுதியின் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற சீனக் கும்பல்கள் மோதிக்கொண்டபோது, 1873இல் கேப்டன் ஸ்பீடி என்ற ஆங்கிலேயர் சுமார் 110 பேரை இந்தியாவிலிருந்து திரட்டிப் போனார். உள்ளூரில் உறவோ கட்சியோ இல்லாத ஆள் வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் மொழி தெரியாதவர் துப்புத் துலக்க முடியுமா? அதனால் அவர்கள் வேலை ரோந்து, சிறைக்காவல், கஜானா காவல், கலவரம் அடக்குவது என்றே நின்றது. அந்தப் படைதான் வளர்ந்து 1896இல் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற பட்டாளம் ஆனது. தலைமையிடம் தைப்பிங். 1919இல் கலைத்தார்கள். உங்கள் தேதி கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒகேனக்கல் பரிசல்:
கலைத்த பிறகு வேறு என்ன வேலை கிடைக்கும்? துப்பாக்கிப் பழக்கமும் ஆளின் உயரமும் வங்கி, கிடங்கு வாசலுக்குத் தோதாக இருந்தன. சேமிப்பை வட்டிக்கு விட்டார்கள். செட்டியார் கடையில் ஈடு கேட்பார்கள். ஜாகா கைமாற்றாகக் கொடுத்துச் சம்பள நாளில் வந்து நிற்பார்.

இப்படி ஆட்கள் கடல் கடந்து போவதில் இந்திய பிரிட்டிஷ் சர்க்காருக்கு இரண்டு கவலை. 1895இல் கூட இந்தியச் சிப்பாய்க்கு மாதம் 9 ரூபாய்தான். கடல் கடந்த போலீஸில் அதைவிட அதிகம், ஆகவே நல்ல ஆளெல்லாம் அங்கே போகிறார்கள் என்று ராணுவம் முணுமுணுத்தது. அடுத்தது, வேலையை விட்டவர்கள் ஹாங்காங், ஷாங்காய் என்று சுற்றுவது. 1913க்குப் பின், வெள்ளையர் ஆட்சியைப் புரட்சியால் கவிழ்க்க நினைத்த கதர் (Ghadar) கட்சியின் பேச்சு அந்த வாட்ச்மேன்களிடமும் போய்ச் சேர்ந்ததும் ஒற்றாடல் கூடிவிட்டது.

தகடூர் வாசகர்:
ஒன்று விட்டுப்போச்சு. கைட்ஸில் பட்டாணியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் உண்டு. கடிதத்தில் பெயர் இல்லையென்றால் "சிங்" என்று போடாதீர்கள். எழுதியவரைப் பழைய ஆவணங்களில் தேடும்போது "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா" என்று பாருங்கள். கிருஷ்ணகிரி பிறகு சேர்ந்த தர்மபுரி மாவட்டமே 1965இல்தான் வந்தது.

பாரூரான்:
நன்றி ஐயா. பெயர் இல்லை. "வங்காளி ஜாகா" என்றே விட்டு, அடிக்குறிப்பு போடுகிறோம்.