புதுப்பிப்பு: லெட்யூஸ் மருந்தும் ஹீமோஃபிலியா பி-யும்

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா பி என்ற நோய்க்காக லெட்யூஸ் (சாலட் கீரை) இலையில் மருந்து தயாரிக்கிறார்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "அப்போ ஊசியே வேண்டாமா?" என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். இது ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தே இல்லை.

ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 9 என்ற புரதம் பிறவியிலேயே குறைவாகவோ இல்லாமலோ இருப்பதுதான் இந்த நோய். அதை ஊசியில் ஏற்றும்போது, சிலருடைய உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கிறது. மருந்து வீணாவது ஒரு பக்கம்; ஒவ்வாமை முற்றினால் உயிருக்கே ஆபத்து. அந்த எதிர்ப்பை அடக்கத்தான் இந்த இலை.

ஃபேக்டர் 9 மரபணுவை இலையின் பசுங்கணிகத்தில் (செல்லுக்குள் இருக்கும் பச்சை நிற உறுப்பு) செருகுகிறார்கள். இலையை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அதை விழுங்கும்போது வயிற்று அமிலத்திலிருந்து புரதத்தைக் காப்பது தாவர செல்லின் சுவர். குடல் பாக்டீரியா அந்தச் சுவரைச் சிதைத்ததும் புரதம் வெளியே வரும். அதோடு ஒட்ட வைத்த காலரா நச்சின் தீங்கற்ற துண்டு ஒன்று, குடல் சுவரைத் தாண்ட உதவுகிறது (காலராவுக்கும் ஒரு நல்ல காரியம்!). வாய்வழி பழகிய புரதத்தை நோயெதிர்ப்பு மண்டலம் பிறகு ரத்தத்தில் பார்த்தாலும் அவ்வளவாக முறைப்பதில்லை.

2017இல் வெளியான ஆய்வில், இந்நோயுள்ள 4 நாய்களில் 3க்கு எதிர்ப்பு நன்றாக அடங்கியது. நாலே நாய்கள், அதனால் துள்ள வேண்டாம். கடை லெட்யூஸில் இந்தப் புரதம் துளியும் கிடையாது.