வீட்டுக் கணக்கை யார் எப்படி எழுதுகிறீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மண்டூரான்:
மாதச் சம்பளக்காரர் போடுகிற கணக்கு எங்களைப் போன்ற படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) வயல்காரருக்குச் சரிவராது. மாரி வேளாண்மை வெட்டினால் மாசி, பங்குனியில் ஒருதரம் காசு கையில் நிற்கும், குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகமும் செய்தால் ஆவணி வாக்கில் இன்னொரு தரம், மற்ற மாதமெல்லாம் கடைக்காரரின் கடன் கொப்பிதான். அதனால் நெல் விற்ற அன்றே அடுத்த விதைப்புக்கான உழவுக்கூலி, விதைநெல், பசளை, மருந்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் மாதங்களுக்குப் பிரிக்கிறோம். முருகன் கோயில் திருவிழாவுக்கு மனைவி தனிப் பக்கமே வைத்திருக்கிறாள். சொந்தக்காரர் வந்து நிற்பார்கள், அரிசி, மரக்கறி, பிள்ளைகளுக்கு உடுப்பு... வருடா வருடம் வருகிறதைப் போய் திடீர்ச் செலவு என்று எப்படிச் சொல்வது?

கல்லடி ரீச்சர்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் சம்பளக்காரரின் கணக்கும் ஒருநாள் கவிழ்ந்ததே! 2021 செப்டெம்பரில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் அடுத்த சித்திரை முடியும்போது 4,860. பழைய கொப்பியிலிருந்த ரூபாய்க் கணக்கெல்லாம் அதோடு வெறும் எழுத்தாகிவிட்டது. எங்களுக்கு உதவியது அளவுதான். மாதம் எத்தனை பக்கற் பால்மா, எத்தனை கிலோ சீனி, ஒரு சிலிண்டர் எத்தனை நாள் என்று மாமி முன்பிருந்தே எழுதி வைத்திருந்தார். எதைக் குறைப்பது என்று அதைப் பார்த்துத்தான் பேசினோம், சண்டை வரவில்லை (பெரிதாக வரவில்லை). விலையோடு அளவையும் எழுதுங்கள்.

வாழைச்சேனை மச்சாள்:
எங்கள் ஒழுங்கையில் கிழமைக் கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுத்து, வாரா வாரம் தவணை கட்டுகிற நுண்கடன்) எடுக்காத வீடு குறைவு. 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சத்துக்கு உட்பட்ட இப்படியான கடன்களை அரசு தள்ளுபடி செய்தது, ஆனால் மூன்று மாதமாவது தவணை பிந்தியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைக்கவில்லை, அவ ஒரு கிழமையும் தவறாமல் கட்டியிருக்கிறா. எப்படிக் கட்டினா என்று இருவரும் இருந்து எழுதிப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு வியாழன் குழுவில் எடுத்த காசு, வியாழனுக்குத் தோட்டை அடகு வைத்த காசு. இடியப்பம் அவித்து விற்று வருகிற வருமானம் அந்தத் தாளில் இரண்டு வரிதான். அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது குழுவில் சேர வைத்திருந்த படிவத்தை அவவே கிழித்துப் போட்டா.

ஒரு கேள்வி: சீட்டுக் காசைச் செலவில் எழுதுவதா, சேமிப்பிலா? வீட்டில் இவரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மண்டூரான்:
சீட்டை எடுத்துவிட்டீர்களா தங்கச்சி? எடுக்கும்வரை சேமிப்பு, எடுத்த பிறகு கட்டுகிறது கடன். நாங்கள் அப்படித்தான் பக்கம் மாற்றி எழுதுகிறோம்.