மதுரை ஒத்தக்கடை பக்கம் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க யாரிடம் சொல்வது?

யானைமலை அடிவாரம்:
ஒத்தக்கடை தாண்டி, மேலூர் போகிற நான்குவழிச் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். போலீஸ் பேரிகேட் வைத்தால் வண்டிகள் நிதானமாக வரும்; எடுத்ததும் பழைய வேகம்தான். போன வாரம் பால்கேனோடு சாலையைக் கடந்த பாட்டியை ஒரு கார் உரசிப் போனது. கேன் நசுங்கி, பால் தார்மேல் ஓடியது. பாட்டி எழுந்துவிட்டார், எனக்குத்தான் இன்னும் கை நடுங்குகிறது. நிரந்தரமாக ஏதாவது வழி உண்டா?

மேலூர்க்காரர்:
தம்பி, கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் போட்டோவோடு மனு கொடுங்கள். 2022-இல் அபராதத்தை உயர்த்தினார்கள், சரி. ஆனால் ஆள் நிற்காத நேரத்திலும் கேமரா பார்த்தால்தான் கால் பிரேக்குக்குப் போகும்.

தெற்குவாசல் நர்ஸ்:
பேரிகேட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள் அண்ணே, இல்லாவிட்டால் இருட்டில் பேரிகேட்டே ஆளை அடிக்கும். அப்புறம், யாராவது அடிபட்டால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

யானைமலை அடிவாரம்:
நன்றிம்மா. திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போகிறேன். நசுங்கின கேனையும் எடுத்துப் போவேன்.