புதுப்பிப்பு: கொலுசுப் படம் ஏறாத விவகாரம்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்குச் செய்த தளத்தில் சில படங்கள் மட்டும் ஏறாமல் 413 பிழை (அனுப்புவது அளவில் மிகப் பெரியது என்று சர்வர் மறுப்பது) வருகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? பிடிபட்டுவிட்டது.

தளத்தை இயக்கும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் (nginx), ஏற்றும் கோப்பின் அளவுக்கு வரம்பு வைக்கும் ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ (client_max_body_size) வரியை எழுதாமல் விட்டால் வரம்பே இல்லை என்று நினைத்திருந்தேன். தப்பு. எழுதாவிட்டால் 1 எம்பிதான். வரம்பே வேண்டாமென்றால் 0 என்று எழுத வேண்டும். (0 போட்டால் எதுவுமே ஏறாது என்று பயந்தது தனிக்கதை.)

பட்டறை அண்ணன் கொலுசின் திருகாணி வரை தெரிய எடுக்கும் படம் ஒவ்வொன்றும் 4 எம்பி. வாட்ஸப்பில் வந்தவை சுருங்கியிருந்ததால் தப்பித்தன. வரம்பை 10எம் (10 எம்பி) என்று வைத்து என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தேன், ஏறிவிட்டது.

எங்கள் நிறுவல் குறிப்பில் ‘தேவைப்பட்டால் மாற்றவும்’ என்று மட்டும் இருந்தது. எழுதிய மகான் நானேதான். இப்போது ‘வரி இல்லையென்றால் 1 எம்பி, 0 என்றால் வரம்பில்லை’ என்று சேர்த்தாயிற்று.