இலை உதிரும் மாதத்தில் வீட்டுச் செலவு: இன்னும் மறக்க முடியாத ஒரு தருணம்

சிப்புட் மருமகள்

பால்மரம் (ரப்பர் மரம்) இலை உதிர்க்கும் மாதங்கள் எப்படிப்பட்டவை என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் கணவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, சிறுதோட்டக்காரர் ஒருவரின் நிலத்தில் பாதிப் பங்குக்கு மரம் சீவுகிறார். பிப்ரவரி பிறந்தால் மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) விழும் பால் பாதியாகிவிடும். மார்ச்சில், தளிர் விடும் மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று உரிமையாளரே கத்தியைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவார். நான் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்வதால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. ஆயினும் சென்ற மார்ச் மாதம் மளிகைக் கடையில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் கலைகிறது.

பத்துக் கிலோ உள்ளூர் அரிசி 26 வெள்ளி (ரிங்கிட்), பாக்கெட் எண்ணெய் இரண்டரை வெள்ளி, சீனி 2 வெள்ளி 85 காசு என்று என் கணவரின் தாயாரான அத்தை மனத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்தார். கடைப் பையன் கணினியில் தட்டுவதற்கு முன்பே, என் மகன் கூடையில் போட்டிருந்த மைலோ பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். சற்று யோசித்துவிட்டுக் கருவாட்டையும் எடுத்து வைத்தார். பையன் நல்லவன். "பாட்டி, புத்தகத்தில் எழுதிக்கொள்கிறேன், அடுத்த மாதம் கொடுங்கள்" என்றான். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் கைப்பையைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதான கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. "இது அவன் பங்குப் பணத்தில் வாங்குகிற சாமான். உன் சம்பளம் வாடகைக்கும் பள்ளி வேனுக்கும் உரியது. இரண்டையும் கலந்தால் எந்த மாதம் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்" என்றார். அனைவரும் கேட்கும்படியே சொன்னார்.

மைலோ அங்கேயே கிடந்தது. மகன் ஒரு சொல்லும் பேசவில்லை. அத்தை சொன்னது கணக்கா, பிடிவாதமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

பழைய கிராணி

அம்மா, உங்கள் அத்தை செய்தது கணக்குத்தான். ஆனால் ஒன்றை மறுத்துச் சொல்ல விரும்புகிறேன். இலை உதிர்வு கடினமான காலம் என்றாலும் அது நாள்காட்டியில் இருக்கிறது. எப்போது வரும் என்பது நமக்குத் தெரியும். ஆண்டிறுதி மழை அப்படியன்று. பட்டை நனைந்திருந்தால் சீவ முடியாது. சீவி முடித்த பிறகு மழை கொட்டினால் மங்கில் இருப்பது பாலா தண்ணீரா என்று பிரிக்க முடியாது. நவம்பரிலும் டிசம்பரிலும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன தொழிலாளிகளை தோட்டக் கிராணியாக (அலுவலக எழுத்தராக) இருந்த நான் அலுவலக வராந்தாவிலிருந்து ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கணக்கைக் கவிழ்ப்பது அந்த மழைதான்.

என் நினைவில் நிற்பது ஒரு சம்பள நாள். எண்பதுகளில், இலையுதிர் மாதம் ஒன்றில். அக்காலத்தில் சம்பளம் மேசையில் வைத்து ரொக்கமாகவே வழங்கப்பட்டது. வட்டிக்காரர் அலுவலகத்தின் வெளிவாசலில் நிற்பார். மரம் சீவும் பெண்மணி ஒருவர் தம் சம்பளத்தை வாங்கியதும், வரிசையை விட்டு நகராமலேயே, இடுப்பிலிருந்து மூன்று சுருக்குப் பைகளை எடுத்து நோட்டுகளைப் பிரித்துப் போட்டார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு நேராக வட்டிக்காரரிடம் சென்று, எல்லார் முன்னிலையிலும் எண்ணிக் கொடுத்து, கணக்குப் புத்தகத்தில் தம் பெயரை அங்கேயே அடிக்கச் சொன்னார். வட்டிக்காரர் பேனா இல்லை என்றார். அந்த அம்மையார் திரும்பி வந்து, என் அனுமதியைக் கேட்காமல், சம்பள மேசையில் இருந்த என் பேனாவை எடுத்துக்கொண்டு போனார். வேலை முடிந்ததும் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்.

சம்பளப் பட்டியலை எழுதியவன் நான். அன்று அவர் கையில் மீந்தது எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு அந்த மாதத்தை எப்படிக் கடத்தினார் என்பதை நான் கேட்கவே இல்லை; கிராணி கேட்கக்கூடிய கேள்வியாக அது அப்போது இருக்கவில்லை.

சேமிப்பு என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் லயத்தை (தோட்ட வரிசை வீட்டை) இழந்துகொண்டிருந்த மக்களிடம்தான் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தப் பத்து வெள்ளி இப்படிப்பட்ட சுருக்குப் பைகளிலிருந்து வந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பாடாங் செராய் தங்கச்சி

எங்கள் வரிசை வீடுகளில் பன்னிரண்டு பெண்கள் கூட்டு (மாதச் சீட்டு) கட்டுகிறோம். ஆளுக்கு மாதம் நூறு வெள்ளி. யார் பெயர் விழுகிறதோ அவருக்கு 1,200 வெள்ளி. குலுக்குவது ஒரு பழைய பிஸ்கட் டின்னில். மார்ச் மாதச் சீட்டின் மீதுதான் எல்லாருக்கும் கண். காரணம் உங்களுக்கே தெரியும்.

அந்த மார்ச்சில் என் பெயர் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் கணவரும் பங்குக்கு மரம் சீவுபவர். இரண்டு மாதமாக வருமானம் இல்லை என்பது வரிசை முழுவதற்கும் தெரியும். அக்கா எதுவும் கேட்கவில்லை. "உனக்கு விழுந்தது நல்லதுதான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, டின்னின் மூடியை எடுத்து அழுத்தி மூடினார். மூடி சரியாகப் பொருந்திய பிறகும் மறுபடி அழுத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

நான் பணத்தை எடுத்துக்கொண்டேன். வேனுக்குச் சாலை வரியும் காப்புறுதியும் கட்டியது போக, மிச்சத்தைத் தையல் இயந்திரத்துக்கு முன்பணமாகக் கொடுத்தேன். அதே நிலை மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன். கூட்டு என்பது தருமம் அன்று; அவரவர் முறை வரும்போது எடுத்துக்கொள்வது. விட்டுக்கொடுக்கத் தொடங்கினால், அடுத்த மாதம் யாருடைய துன்பம் பெரியது என்று டின்னைச் சுற்றி உட்கார்ந்து அளக்க வேண்டிவரும். இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் அந்த மூடியை அழுத்திய கையை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை.

கணக்கில் கறார்

என் அனுபவம் சிறியது. அம்மாவின் சங்கிலியை அடகுக் கடையில் வைக்கச் சென்றபோது, முகப்பில் இருந்தவர் அதை நிறுத்துப் பார்த்துவிட்டு, "போன வருடமும் இதே மாதம் வந்தீர்கள்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகுதான் வீட்டுக் கணக்கை நான் கையில் எடுத்தேன். ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, கூட்டுக் கட்டும் சகோதரிக்கு. கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நீங்கள் தொழிலாக நடத்தவில்லை என்பது உண்மையே. ஆனால் முதல் மாதமே பணத்தை எடுத்தவர் மூன்றாம் மாதம் ஊரை விட்டுப் போய்விட்டால், எந்தக் காகிதத்தைக் காட்டிப் பணத்தைக் கேட்பீர்கள்? அடகு வைப்பதே மேல் என்பேன். உரிமம் பெற்ற கடையில் மாதத்துக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது, மீட்பதற்கு ஆறு மாதம் இருக்கிறது, ரசீதும் உண்டு.

இரண்டாவதாக, மாத வருமானம் என்ற எண்ணத்தையே பால்வெட்டுக் குடும்பங்கள் கைவிட வேண்டும். ஓர் ஆண்டில் வந்ததைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் உண்மையான மாதச் சம்பளம். நல்ல பால் விழும் மாதத்தில் அதற்கு மேல் வருவது உங்களுடையது அன்று, மார்ச்சுக்கு உரியது. அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, ஊழியர் சேமநிதி (EPF). தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரிக்கு 11 மே 2024 முதல் கட்டப்படும் சந்தாவில் பத்து விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் விழுகிறது. அது இருக்கிறது என்பதற்காக இலையுதிர் காலம்தோறும் அதைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். நான்காவதாக, மின்சாரம். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதத்துக்கு 600 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்குப் பத்து வெள்ளி ரீடெய்ல் கட்டணம் கிடையாது. சேவை வரியும் கிடையாது. சோற்றுப் பானையை நாள் முழுவதும் சூட்டிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஐந்தாவதாக, பதினான்கு கிலோ சமையல் எரிவாயுத் தோம்பின் (சிலிண்டரின்) அரசாங்க விலை 26 வெள்ளி 60 காசு. வீட்டில் கொண்டுவந்து வைப்பதற்கு மேலும் சில வெள்ளி கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் நீங்களே போய் எடுத்து வந்தால் அது மிச்சம்.

கடைசியாக ஒன்று. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி ஆகிவிட்ட பிறகும் இலையுதிர் மாதம் என்று அச்சப்படுவது எனக்குப் புரியவில்லை.

சிப்புட் மருமகள்

கணக்கில் கறார் அவர்களுக்கு: நான் கேட்டது என் அத்தையைப் பற்றி, சோற்றுப் பானையைப் பற்றி அன்று. எங்கள் வீட்டு மின்கட்டணத்தில் நீங்கள் சொல்லும் 600 யூனிட்டில் பாதியைக்கூட நாங்கள் தொட்டதில்லை. எரிவாயுத் தோம்பை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று என் மாமனாரிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுக்கச் சொன்னீர்களே, அதை மட்டும் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அது தெரியாமலா மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டார்.

பழைய கிராணி

தம்பி, குறைந்தபட்ச ஊதியம் என்பது முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு. பாதிப் பங்குக்குச் சீவுபவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. விற்ற பாலில் பாதி நிலத்துக்கு, பாதி கத்திக்கு. மரம் இலையை உதிர்த்துவிட்டு, தன்னிடம் இருக்கும் சத்தையெல்லாம் தளிருக்குக் கொடுக்கும்போது இரண்டு பாதியும் சுருங்கும். சேமநிதிச் சந்தாவும் அவருக்காக யாரும் கட்டுவதில்லை. நகரத்திலிருந்து அறிவுரை சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

செம்பனைப் பிள்ளை

எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டுப் பல காலம் ஆகிறது. செம்பனைக்கு இலையுதிர்வு இல்லை. ஆனால் ஆண்டின் தொடக்க மாதங்களில் குலை குறையும், செப்டம்பர், அக்டோபரில் கூடும். எனவே எங்களுக்கும் வறண்ட மாதம் ஒன்று உண்டு.

2025 ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும், அடிப்படைப் பொருள் வாங்க, மைகார்டில் (அடையாள அட்டையில்) நூறு வெள்ளி சாரா அரசாங்க உதவி வந்ததல்லவா? அப்பா அதைத் தொடவே இல்லை. குலை நிறைய விழும் மாதத்தில் அதை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார். டிசம்பர் 31உடன் காலாவதியாகும் என்று நான் பலமுறை சொன்னேன். "தெரியும், தெரியும்" என்பார்.

ஆண்டின் கடைசி நாள்களில் ஒருநாள், மழையில், என் பின்னால் அமர்ந்து கடைக்கு வந்தார். அரிசியோ எண்ணெயோ எடுக்கவில்லை. அவை வீட்டில் இருந்தன. பேரப்பிள்ளைகளுக்கு ஜனவரியில் பள்ளி திறக்கவிருந்தது. பயிற்சிப் புத்தகங்கள், பென்சில்கள், ஒரு மூட்டை கோதுமை மாவு, சவர்க்காரம் என்று பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார். முகப்பில் இருந்த பெண் அடையாள அட்டையைச் செருகியதும் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணையம் மெதுவாக இருக்கிறது, காத்திருங்கள் என்றாள். அப்பா இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைத்துளி அவர் சட்டையிலிருந்து முகப்பு மேசை மீது சொட்டியது. அதைத் தம் துண்டால் துடைத்தார். பணம் ஏற்கப்பட்டது என்று வந்ததும், அவர் அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டார்: "இதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லையே, அம்மா?"

நான்கு மாதம் அவர் அந்தப் பணத்தைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் சிக்கனம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். என் நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்லியிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. கணக்கில் கறார் அவர்களே, இதற்கும் ஐந்து அறிவுரை இருந்தால் தயவுசெய்து எழுத வேண்டாம்.

பாடாங் செராய் தங்கச்சி

காகிதம் எங்கே என்று கேட்டவருக்கு: எங்களில் யாரும் தரகு எடுப்பதில்லை, யாராவது ஊரை விட்டுப் போனாலும் அவருடைய அம்மா இதே வரிசையில்தான் இருப்பார். அடகுக் கடை ரசீதைவிட அது எனக்கு உறுதியானது.

இந்த ஆண்டுக் கூட்டில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதச் சீட்டுகளைக் குலுக்காமல், மரம் சீவும் வீட்டுக்காரர்களே தங்களுக்குள் பேசி எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரும்பாலோர் முடிவு செய்துவிட்டார்கள். முன்மொழிந்தது பக்கத்து வீட்டு அக்கா அல்ல. கடைசி வீட்டுப் பாட்டி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்று அங்கேயே சொன்னேன். நூறு வெள்ளியை மட்டும் வழக்கம்போல் கட்டிவிட்டு வந்தேன்.