மறுமொழி: எந்திரம் கட்டும் பொய்க்கு ஒரு சொல் – கருக்காய்த்தகவல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மொழி மாதிரிகள், அதாவது கேட்டதற்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள், உண்மைபோலவே எழுதிவிடும் தவறான தகவலுக்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘எந்திரப் புரளி’ வாயில் நன்றாக நிற்கிறது. ஆனால் புரளி என்றால் கிளப்பிவிட ஓர் ஆள் வேண்டும். ‘பொய்யாக்கம்’ என்றாலும் அதே சிக்கல்தான்: உண்மை தெரிந்து மறைத்தால்தானே பொய்? மொழி மாதிரிக்கு மறைக்கத் தெரியாது. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு அடுக்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான்.

நான் ‘கருக்காய்த்தகவல்’ என்று முன்மொழிகிறேன். இந்தச் சொல் எனக்கு ஒரு பாட்டி கொடுத்தது.

தஞ்சாவூரில் மாணவர்கள் சிலர் ஊடாடு கலைக் காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு திரை, அதன் முன்னால் மூங்கில் முறம். முறத்தின் அடியில் அசைவை உணரும் சின்னக் கருவி. ஊர் பேரோ கோயில் பேரோ சொன்னால் எந்திரம் நாலு வரி எழுதும். முறத்தைப் புடைத்தால் ஆதாரம் இல்லாத வரிகள் திரையிலிருந்து பறந்துவிடும்.

பேத்தியோடு வந்த பாட்டி ‘பெரிய கோயில்’ என்றார். வரிகள் வந்தன. ராஜராஜன் கட்டியது. 1010இல் கட்டி முடித்தது. ஒரு பாண்டிய இளவரசி கல் சுமந்தாள். விமானத்தின் நிழல் தரையில் விழாது. பாட்டிக்கு முறம் பழகிய கை. இரண்டே புடைப்பில் இளவரசி பறந்துவிட்டாள். நிழல் மட்டும் அசையவில்லை. எத்தனை வலைப்பக்கங்கள் ஒரு செய்தியைச் சொல்கின்றன என்று எண்ணித்தான் அந்த நிரல் ஆதாரம் பார்க்கிறது. நிழல் கதையோ எங்கே தேடினாலும் கிடைக்கிறது.

“சாயங்காலம் நந்திப் பக்கம் போயி பாரு. அந்த நெழல்லதான் நாங்க குந்தியிருப்போம்” என்றார் பாட்டி. அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இது பதரு இல்ல தம்பி, கருக்கா. காத்துக்குப் போவாது. உப்புத் தண்ணியில போட்டாத்தான் மெதக்கும்” என்றார்.

நெல் விதைத்தவர்களுக்கு இது புரியும். பதருக்கு உள்ளே ஒன்றும் இல்லை, காற்றிலேயே போய்விடும். கருக்காய்க்கு உமி முழுசாக இருக்கும், பால் மட்டும் அரைகுறையாகப் பிடித்திருக்கும். வெறும் தண்ணீரில் நல்ல விதையோடு சேர்ந்து அதுவும் அமுங்கிவிடும். அதனால்தான் முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டி, மேலே வருவதை அரித்து எடுக்கிறோம். எந்திரம் எழுதும் தவறும் இப்படித்தான். இலக்கணம் சரி, ஆண்டு சரி, மன்னர் பேர் சரி. நடுவில் ஒரு வரிக்குள் அரிசி இல்லை.

2019இல் ஆம்ஸ்டர்டாமில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு ஒன்று வைத்த காட்சியும் நினைவுக்கு வருகிறது. 1960களின் வீட்டுக் கூடம், பழைய தொலைக்காட்சிப் பெட்டி. அதில் அமெரிக்க அதிபர் நிக்சன், நிலவுக்குப் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று அறிவிப்பார். உரை உண்மையானது, 1969இல் விபத்து நேர்ந்தால் வாசிக்க என்று எழுதி வைத்தது. வாசிக்கும் வாயசைவும் குரலும்தான் எந்திரம் செய்தவை. அதை ‘போலி’ என்ற ஒரே சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கருக்காய்க் காணொளி’ என்றால் பொருந்துகிறது.

வட்டார வழக்கு, மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்று சிலர் சொல்லலாம். ‘பதர்’ எல்லாருக்கும் தெரியும்தான். ஆனால் ஊதினால் போய்விடுவது என்ற பொருளை அது கூடவே கொண்டுவருகிறது, இங்கே அது பொருந்தாது. புரிய ஒரு நிமிடம் கூடுதலாக ஆனாலும் சரியான சொல்லே இருக்கட்டும்.

மதுரை, நெல்லை, ஈழத்து நண்பர்கள் உங்கள் பக்கம் அரைகுறையாக விளைந்த நெல்லுக்கு என்ன பேர் என்று எழுதுங்கள். மாணவர்கள் அடுத்த முறை முறத்துக்குப் பக்கத்தில் ஓர் உப்புநீர்த் தொட்டியும் வைக்கப்போகிறார்கள். அதன்மேல் ஒட்டும் பலகையில் எந்தச் சொல்லை எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள்.